மேலே ஈரம், கீழே காற்று

தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் நர்சரி. உங்களுக்கு ஈரத்துக்கு என்ன குறைச்சல் என்று வெளியூரிலிருந்து செடி வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிற ஆறு ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. கைப்பம்பை நாலு அழுத்து அழுத்தினால் எங்களுக்குத் தண்ணீர் வந்துவிடும். ஆனால் வெட்டி வைத்த குச்சி கேட்கிற ஈரம் நிலத்தில் இருப்பதல்ல, காற்றில் இருப்பது. அது பங்குனி பிறந்தால் திருச்சியில் கிடையாது. சித்திரை மதியம் இரண்டு மணிக்கு நர்சரியில் தொங்குகிற ஈரப்பத மீட்டர் நாற்பது சதவீதத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். பிழிந்து போட்ட புடவையைக் கண்மூடித் திறப்பதற்குள் உலர்த்துகிற அந்தக் காற்றுதான் குச்சியில் விட்டுவைத்த இலையையும் உலர்த்துகிறது.

வேருள்ள செடி சமாளித்துக்கொள்ளும். இலை ஆவியாக விடுகிற தண்ணீரை வேர் கீழேயிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். குச்சிக்கு அந்த வழி இல்லை. வெட்டுவாய் வழியாகக் கொஞ்சம் ஏறும், பிறகு அதுவும் அடைத்துக்கொள்ளும். அப்படியானால் இலையை எல்லாம் உருவிவிட்டு மொட்டைக் குச்சியாக நட்டால் என்ன என்று கேட்கலாம். முருங்கைப் போத்துக்கும் கிளுவைப் போத்துக்கும் அது சரி. கையளவு தடிமனில் சேமித்து வைத்த சத்து அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. மேல் வெட்டில் சாணி உருண்டையை அப்பி நட்டுவிட்டு மறந்துவிடலாம். ஆனால் இட்லிப்பூ, செம்பருத்தி, குரோட்டன்ஸ், மல்லிகை இவற்றிலெல்லாம் நாம் எடுப்பது பென்சில் பருமன்கூட இல்லாத இளங்கிளை. வேர் விடுவதற்கான சாப்பாட்டையும், வேரைத் தூண்டுகிற ஆக்சினையும் அந்த இலையும் தளிரும்தான் தயாரிக்க வேண்டும். இலை இருந்தால் தண்ணீர் போகிறது. இலை போனால் வேர் வராது. இந்த இழுபறிக்கு நடுவில் சில வாரம் குச்சியை உயிரோடு வைத்திருக்கத்தான் மேலே ஒரு மூடி போடுகிறோம்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது இங்கே நர்சரி இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், முல்லையும் நந்தியாவட்டையும் வைத்து, விடியற்காலையில் பறித்து சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்குக் கொடுத்தனுப்புவார். கொடியைப் பெருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பதியம். படர்ந்த கொடியை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணில் அழுத்தி, மேலே ஒரு ஓட்டுத்துண்டை வைத்துவிடுவார். தாய்ச்செடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால் இலை வாடாது. வேர் வந்தபின் அறுத்துக்கொள்ளலாம். தோற்காத முறை. ஆனால் ஒரு கொடிக்கு எத்தனை பதியம் போட முடியும்? ஆள் வந்து நூறு கன்று கேட்டபோதுதான் குச்சி பக்கம் திரும்பினோம். “பதியம் போட்டா பிள்ளை அம்மா மடியிலேயே இருக்கும், நீ அறுத்துட்டுல்ல வளக்கப் பாக்கற” என்றார் அத்தை. அவருக்குக் கடைசிவரை குச்சி மேல் நம்பிக்கை வரவில்லை.

மல்லிகைக் கன்று என்றால் தமிழ்நாட்டில் இன்றும் ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடம்தான். மதுரை, திண்டுக்கல் பூந்தோட்டங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் கன்று போகிறது. அதுவும் தீவுதான், அங்கும் மணல்தான். அங்கே குச்சிகளைத் திறந்த பாத்தியில் மணலிலேயே வேர் பிடிக்க வைத்துவிடுகிறார்கள். கடற்காற்றில் எப்போதும் இருக்கிற ஈரம் எங்கள் பிளாஸ்டிக் மூடியின் வேலையைச் செய்துகொடுக்கிறது என்பது என் கணக்கு. அதே குச்சியை எங்கள் திருச்சிப் பக்கத்து எட்டரை, கோப்பு கிராமங்களின் முல்லைத் தோட்டத்து ஓரத்தில் மாசி மாதம் திறந்த பாத்தியில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தாலும் மேலே கருகிக்கொண்டே இருக்கும்.

மூடி என்றதும் பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். மூங்கில் பிளாச்சை வளைத்து, பாத்தியின் மேல் ஊன்றி, நிறமில்லாத பாலித்தீன் தாளைப் போர்த்தினால் ஒரு குடில். வீட்டில் நாலு குச்சி வைக்கிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஓட்டையாகிப்போனால் கேன் போடுகிற தம்பியிடம் கேட்டு வாங்கி, அடியை அறுத்துக் கவிழ்த்துவிடலாம். லேசான நீலநிறம் பரவாயில்லை, வேண்டிய வெளிச்சம் உள்ளே போகும். அதில் எனக்குப் பிடித்த சங்கதி, வாய்ப்பக்கம் மேலே இருப்பது. மூடியைத் திருகி எடுத்தால் வெக்கை போக ஒரு ஜன்னல், திருப்பிப் போட்டால் அடைப்பு. கடையில் விற்கிற குழித்தட்டு மூடிகளில் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை.

கூரை தட்டையாக இருக்கக் கூடாது. உள்ளே குளிர்ந்து கட்டுகிற நீர்த்துளி தட்டைத் தாளிலிருந்து நேராகத் தளிர்மேல் சொட்டும், சொட்டுகிற இடத்தில் கறுப்புப் புள்ளி விழும், அங்கிருந்து அழுகல் ஆரம்பிக்கும். வளைவாக இருந்தால் துளி பக்கவாட்டில் வழிந்து மணலுக்குப் போய்விடும்.

இங்கேதான் புத்தகத்துக்கும் திருச்சிக்கும் சண்டை வருகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுகிற தோட்டக்குறிப்பிலும், இப்போது பிள்ளைகள் செல்லில் பார்க்கிற வீடியோவிலும், மூடிக்கு அடியில் ஹீட் மேட் போடச் சொல்வார்கள். வேர்ப்பகுதி 24, 25 டிகிரியில் இருந்தால் சீக்கிரம் வேர் வரும் என்பது உண்மைதான். லண்டனில் பிப்ரவரியில் அதற்கு மின்சாரம் வேண்டும். கல்லூரி முடித்த பையன் ஒருவன் ஆன்லைனில் ஹீட் மேட் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து எப்படி இணைப்பது என்று கேட்டான். “தம்பி, திருப்பி அனுப்ப முடியுமான்னு பாருங்க” என்றேன். எங்கள் பிரச்சினை அப்படியே தலைகீழ். மூடி ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். வெயிலையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். நேர்வெயில் படுகிற பாலித்தீன் குடில் எங்கள் ஊரில் மதியத்துக்குள் இட்லிப் பானை ஆகிவிடும். உள்ளே ஈரம் நூறு சதவீதம் இருக்கும், குச்சி வெந்திருக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டபின் எனக்குப் பல விஷயம் தெளிவானது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 23 கிராம் தண்ணீரை ஆவியாகத் தாங்கும். 40 டிகிரியில் அது சுமார் 51 கிராம். வெப்பம் ஏற ஏறக் காற்றின் தாகம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. காலையில் மீட்டர் எண்பது காட்டுவதும் மதியம் எண்பது காட்டுவதும் ஒன்றல்ல. மதியத்து எண்பதில் இலை இழக்கிற தண்ணீர் அதிகம். அதனால் நான் மூடிக்குள் ஈரப்பத மீட்டரைவிட வெப்பமானியைத்தான் அதிகம் பார்ப்பேன். 32, 33 வரை கவலை இல்லை. 35ஐத் தாண்டினால் அன்றைக்கு வேறு வேலையை விட்டுவிட்டு அங்கே நிற்க வேண்டும்.

நிழல்தான் மருந்து. எங்கள் குடில்கள் எல்லாம் தென்னைகளுக்கு நடுவில், மதிலின் வடக்குப் பக்கம் ஒட்டி இருக்கின்றன. அதற்கு மேலே ஷேட் நெட். நெட்டைப் பாலித்தீன் மேல் படுக்கப் போடுகிறவர்கள் உண்டு, அது பிரயோஜனமில்லை. சூடான வலை தாளோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உள்ளேதான் கடத்தும். தலைக்கு மேல் ஓராள் உயரத்தில் கட்ட வேண்டும், இடையே காற்று ஓட வேண்டும். அக்னி நட்சத்திரம் ஓடுகிற நாட்களில் பழைய வெள்ளை வேட்டியை நனைத்துக் குடிலின் மேற்குப் பக்கம் தொங்கவிடுவோம். கருத்த துணி கூடாது. இந்த வேட்டி வைத்தியத்தைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் பிறகு தங்கள் வீட்டு வேட்டிகளையும் தானம் செய்திருக்கிறார்கள்.

மூடிய பெட்டி ஈரத்தைக் காக்கும், வெக்கையைத் தடுக்காது என்பதை நம் நீலகிரியின் சரித்திரமே அறியும். லண்டனில் நத்தானியல் பாக்‌ஷா வார்ட் என்று ஒரு டாக்டர். கிழக்கு லண்டன் புகையில் அவர் வளர்த்த பெரணிச் செடிகள் செத்துக்கொண்டே இருந்தன. 1829இல் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய புட்டியில் வைத்தபோது, அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் தானாக முளைத்தன. தண்ணீர் ஊற்றாமலே வருஷக்கணக்கில் இருந்தன. அதிலிருந்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகள் 1833இல் கப்பலில் சிட்னிக்குப் போயின, செடிகள் உயிரோடு இறங்கின. பிறகு சீனத்துத் தேயிலை இந்தியாவுக்கு வந்ததும் அதே மாதிரிப் பெட்டிகளில்தான். மலேரியாவுக்கான கொய்னாவைத் தருகிற சின்கோனாவைத் தென்னமெரிக்காவிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவர 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் முயன்றார். கண்ணாடிப் பெட்டிகள் செங்கடல் வெக்கையில் மாட்டிக்கொண்டன. முதலில் வந்த செடிகள் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் ராபர்ட் கிராஸ் கொண்டுவந்த செம்பட்டைச் சின்கோனா பிழைத்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவர் அவற்றைப் பதியம், குச்சி, மொட்டு என்று கிடைத்த வழியிலெல்லாம் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டம் எழுந்தது அப்படித்தான். ஊட்டி போகிறவர்கள் கண்ணாடி மாளிகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் செங்கடலில் வெந்துபோன அந்த முதல் பெட்டிகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, மூடிக்கு மேலே பேசியது போதும். பாதிக்கு மேற்பட்ட குச்சிகள் சாவது கீழே. ஈரம் வேண்டும் என்று சொன்னதும் எல்லோரும் மணலில் தண்ணீரை ஊற்றுகிறார்கள். வேர் புறப்படுகிற இடத்துக்கு மூச்சுக்காற்று வேண்டும். சேற்றில் அது இல்லை. வெட்டுவாய் பழுப்பாகி, பிறகு கறுத்து, இழுத்தால் தோல் கையோடு வரும். காய்ந்து செத்த குச்சியையும் அழுகிச் செத்த குச்சியையும் மேலேயிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இரண்டும் வாடித்தான் நிற்கும். வாடியிருக்கிறதே என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். காற்று நனைந்திருக்க வேண்டும், மணல் மூச்சுவிட வேண்டும். வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்வது இது ஒன்றைத்தான். மீதியெல்லாம் பார்த்துப் பார்த்து வந்துவிடும்.

அந்த மூச்சுக்குத்தான் கொள்ளிடத்து மணல். வெள்ளம் போகிற ஆறு அது, முக்கொம்பு மேலணையில் மிஞ்சுவதெல்லாம் அந்தப் பக்கம்தான் திறந்துவிடப்படும். வேகத்தில் மண்டி அடித்துப்போய்ப் பருக்கை மணல் தங்கும். சல்லடையில் சலித்து, களிமண் வாடையே இல்லாமல் மூன்று நாலு தண்ணீரில் அலசினால் குச்சிக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது. ஒருகாலத்தில் கூடையில் அள்ளிக்கொண்டு வருவோம். இப்போது மணல் என்ற சொல்லைச் சொன்னாலே ஏற இறங்கப் பார்க்கிறார்கள்; ஆறு படுகிற பாட்டைப் பார்த்தால் அதுவும் சரிதான். எம் சாண்டை முயன்று பார்த்தோம். கல் அரைத்த மாவு அதில் அதிகம், அலசாமல் போட்டால் சிமெண்டு மாதிரி இறுகும். கடைசியில் நிலைத்தது கலவைதான்: இருக்கிற மணலோடு தென்னைநார்க் கழிவு பாதி, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளிலிருந்து வாங்கி வருகிற கருக்கிய உமி கொஞ்சம். நார்க்கழிவை நல்ல தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்துப் பிழிந்து உப்பையும் அந்தச் சிவப்புச் சாயத்தையும் போக்க வேண்டும். கலவையைக் கையில் எடுத்து அழுத்திப் பிடித்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம்.

ஒருமுறை குச்சி வைத்த மணலை அப்படியே மறுபடி பயன்படுத்தினால் பழைய அழுகல் பூஞ்சை புதுக்குச்சியையும் பிடிக்கும். இதற்கு மட்டும் சித்திரை வெயில் எங்களுக்குத் தோழி. மணலை நனைத்து, வெயிலில் பரப்பி, மேலே நிறமில்லாத பாலித்தீனை இறுக்கிப் போர்த்தி, ஓரத்தில் மண் அணைத்துவிட்டால் சில வாரத்தில் பூஞ்சையும் களைவிதையும் வெந்துபோகும். எந்தச் சூடு குச்சியைக் கொல்லுமோ அதே சூடு. அதன்பின் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கொஞ்சம் கலந்துகொள்வோம்.

குச்சி வெட்டுவது பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, கை பழகிவிடும். முந்தின நாள் மாலை தாய்ச்செடிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். வெட்டுவது வெயில் ஏறுமுன். பூ இருக்கிற கிளை வேண்டாம். அது பூவுக்குத்தான் செலவழிக்கும். ரொம்ப இளசாக இருந்தால் அழுகும், முற்றினால் சோம்பும். வளைத்தால் டக்கென்று முறிய வேண்டும், அதுதான் பதம். மல்லிகைக்கு அரைச்சாண் நீளம், மூன்று நாலு கணு. கீழ்வெட்டு கணுவை ஒட்டி. கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேலே இரண்டு ஜோடி போதும். செம்பருத்தி மாதிரி அகன்ற இலையைக் குறுக்கே பாதியாகக் கத்தரித்துவிடுவோம். வெட்டியதை ஈரச்சாக்கில் சுற்றி, நட்டு மூடும்வரை நிழலை விட்டு வெளியே எடுக்கக் கூடாது.

வேர் மருந்து பற்றித்தான் ஆளுக்கொரு வைத்தியம். தேன், லவங்கப்பட்டைத் தூள், சோற்றுக்கற்றாழை என்று வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். பட்டைத்தூள் பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கலாம்; வேரைக் கூப்பிடுகிற வேலை அதற்குக் கிடையாது. இண்டோல் பியூட்டிரிக் அமிலம், ஐபிஏ, அதுதான் வேலை செய்கிறது. 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் ஜிம்மர்மேனும் வில்காக்சனும் அது குச்சிகளில் வேரைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். இன்றுவரை அதைத் தாண்டிப் பொதுவான மருந்து வரவில்லை. வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு கிராமை ஸ்பிரிட்டில் கரைத்து லிட்டருக்குக் கொண்டுவந்தால் 1000 பிபிஎம். மல்லிகைக்கு அது போதும், காகிதப்பூவுக்கு அதைவிடக் கூட்டுவோம். அடிப்பக்கத்தை ஐந்து நொடி நனைத்து எடுத்தால் முடிந்தது. ஊறப்போட்டால் தோல் வெந்துவிடும். ஆனால் நிழலும் மணலும் சரியில்லாத இடத்தில் இந்த மருந்து எதையும் காப்பாற்றாது. பன்னீர் ரோஜாவுக்கும் துளசிக்கும் ஓமவல்லிக்கும் அது தேவையே இல்லை.

மாதம் பார்ப்பது முக்கியம். ஆடிப்பட்டம் விதைக்கு நல்லது என்று உலகமே சொல்லும். குச்சிக்கு ஆடி எதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூரைக் கடந்து வருகிற மேல்காற்று எங்களிடம் வரும்போது மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வெறும் வறட்சியோடு வரும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, எங்கள் பாலித்தீன் பறக்கும். பதினெட்டாம் பெருக்கன்று அம்மாமண்டபத்தில் ஆறு நிறைய ஜனம் நிற்கும்போது நாங்கள் குடில் ஓரங்களில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்போம். ஆவணி பிறந்து காற்று அடங்கி, ஐப்பசி வரைதான் எங்கள் அறுவடை. கார்த்திகை அடைமழையில் வெளிக்காற்றே நனைந்திருக்கும். அப்போதும் பழக்கதோஷத்தில் மூடியை இறுக்கி வைத்தால் வெள்ளைப் பூஞ்சை படரும். மார்கழியில் இரவுக் குளிரில் எல்லாம் மெதுவாகிவிடும்.

மூடி வேண்டாம், மிஸ்ட் சேம்பர் போடுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. நாவலூர் குட்டப்பட்டு மாதிரி கல்லூரி வளாகங்களில் அது அருமையாக ஓடும். பனிபோலத் தெளிக்கிற தண்ணீர் இலையை நனைப்பதோடு குளிரவும் வைக்கும். மூடிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆனால் எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். நாசில் அடைத்துக்கொள்ளும், இலையில் வெள்ளைத்திட்டு படியும். அதைவிட மோசம் மின்வெட்டு. உச்சி வெயிலில் அரைமணி கரண்ட் போனால் தட்டு தட்டாகப் போய்விடும். பாலித்தீனுக்குக் கரண்ட் பில் வராது.

நட்ட சில வாரத்தில் குச்சியில் புதுத்தளிர் வரும். புதிதாகச் செய்கிறவர்கள் குதூகலமாகி மூடியை எடுத்துவிடுவார்கள். அந்தத் தளிரை நம்பக் கூடாது. தண்டில் மிச்சமிருந்த சத்தை வைத்து வேரே இல்லாமல் தளிர்விடுகிற குணம் ரோஜாவுக்கும் காகிதப்பூவுக்கும் ரொம்ப உண்டு. எங்கள் நர்சரியில் அதற்கு ஏமாத்துத் தளிர் என்று பெயர். வேர் வந்ததா என்று பார்க்க லேசாக மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். குச்சி எதிர்த்து இழுத்தால் வேர். பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நடுகிற பழக்கம் வேலையாட்களுக்கு வராமல் பார்ப்பது பெரும்பாடு. செம்பருத்திக்கு மூன்று நாலு வாரம், மல்லிகைக்கு ஐந்து வாரம் வரை, காகிதப்பூ இரண்டு மாதம்கூட இழுக்கும். அடியில் வெள்ளையாகப் புடைத்திருப்பதைப் பார்த்து வேர் என்று நினைப்பார்கள். அது காயம் ஆறிய தசை மட்டும்தான், அதிலிருந்து வேர் வரலாம், வராமலும் போகலாம்.

என்னைக் கேட்டால் மூடி போடுவது யாருக்கும் வரும். எடுப்பதில்தான் தொழில் இருக்கிறது. ஈரக்காற்றிலேயே விரிந்த இலைக்கு மேல்மெழுகு மெல்லிசு, மூச்சுத்துளைகள் சரியாக மூடப் பழகவில்லை. திடீரென்று வெளிக்காற்று பட்டால் வேர் இருந்தும் துவண்டுவிடும். இதைத் திசுவளர்ப்பு வாழைக்காரர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் திசுவாழை புதிதல்ல. கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த கன்றை முதலில் குழித்தட்டில் மூடிய ஈரத்தில் சில வாரம், பிறகு பாக்கெட்டில் நிழல்வலைக்குக் கீழே சில வாரம் என்று இரண்டு கட்டமாகப் பழக்கித்தான் வயலுக்கு விடுவார்கள். குச்சிக்கும் அதே நியாயம்தான்.

நாங்கள் மூடியைத் திறந்து பழக்குவது இரவில். காலையில் திறந்து வைத்து நல்ல காற்று வாங்கட்டும் என்று விட்டால் பத்து மணிக்கு வேறு வேலையில் மறந்துவிடுவோம், பதினொன்றுக்கு எல்லாம் படுத்திருக்கும். பொழுது சாய்ந்தபின் ஆற்றுப்பக்கக் காற்றில் ஈரம் ஏறும். அப்போது திறந்து, விடியும்போது மூடிவிடுகிறோம். சில இரவு இப்படி. பிறகு காலை எட்டு வரை, அப்புறம் மாலை நாலிலிருந்து. ஒரு வாரம் பத்து நாளில் மதியமும் திறந்தே இருக்கும். அதன்பின்தான் பாக்கெட்டுக்கு மாற்றுவது, அங்கும் நிழல்தான்.

எல்லாம் குச்சியில் வராது. மனோரஞ்சிதத்தோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. ரங்கநாதர் கோயில் ஸ்தலமரமான புன்னையின் கிளையை வேர் பிடிக்க வைத்துத் தரச் சொல்லி வருவார்கள். அதற்கு விதையே சுலபம், கொட்டையை லேசாக உடைத்துப் போட்டால் முளைக்கும். திருவானைக்காவல் வெண்நாவலுக்கு இன்னும் பெரிய கிராக்கி. “ஒரு சின்னக் கிளை போதும்மா, மூடி போட்டு வச்சுக் குடுங்க” என்பார்கள். கோயில் மரத்தில் நான் கத்தி வைக்க மாட்டேன் என்பது ஒரு பக்கம். நாவல் இனம் குச்சியில் லேசில் மசியாது என்பது இன்னொரு பக்கம். தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிய ஊர் என்பதால் நந்தவனத்துக்கு என்று கேட்டு வருகிறவர்களும் நிறைய. அவர்களுக்கு நந்தியாவட்டையும் அரளியும் இட்லிப்பூவும் கொடுத்து அனுப்பிவிடலாம், மூன்றும் சொன்னபடி கேட்கும்.

விற்பதிலும் ஒரு கண் வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வந்து கன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடப்பார்கள். பாலத்தின் மேல் அடிக்கிற காற்றில் நாங்கள் வாரக்கணக்காகக் காத்த இலை ஐந்து நிமிஷத்தில் சுருண்டுவிடும். அதனால் பழைய தினசரித் தாளில் கூம்பாகச் சுற்றித்தான் கொடுப்போம். கொண்டுபோனதும் மொட்டை மாடிக்கு ஏற்றாமல் ஒரு வாரம் படிக்கட்டு நிழலில் வைக்கச் சொல்வோம். ஆடியில் மட்டும் இளங்கன்றை விற்பதில்லை. “கன்னு இங்கதான இருக்கு, காசு குடுக்கறேன், குடுக்க என்ன?” என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பாக்கெட்டில் பெயர் எழுதி வைத்துவிடுகிறேன். ஆவணி முதல் வாரம் போன் செய்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.